வினாடியின் பின்னங்களைக் குறித்து வைத்தவர்களுக்கு

மதிப்புக்குரிய நில அதிர்வு ஆய்வாளர்களுக்கு,

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கம்மாபுரத்திலிருந்து எழுதுகிறேன். பீங்கான் பட்டறைத் தொழிலாளி நான். உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

2001 ஜனவரி 26 காலையில் கச்சில், பூஜ் பக்கத்தில், நிலம் குலுங்கியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். அரிசியும் போர்வையும் மருந்தும் கொண்டு போனவர்களுக்கு நாடு கைகூப்பியது, அது நியாயம். நில அதிர்வுமானியும் பேட்டரியும் எடுத்துக்கொண்டு நீங்களும் அங்கே போனீர்கள். பின்னதிர்வுகள் ஓயாத ஊர்களில் தற்காலிக நிலையங்கள் அமைத்தீர்கள். ஒவ்வோர் அதிர்விலும் முந்தி வரும் பி அலை எந்த நொடியில் வந்தது, பிந்தி வரும் எஸ் அலை எந்த நொடியில் வந்தது என்று பின்னக்கணக்கில் குறித்தீர்கள். அதற்காக உங்களுக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மடல் அதற்குத்தான்.

எங்கள் பக்கத்தில் நிலத்தடி பற்றிப் பேசாத ஆள் இல்லை. போர் போட்டால் எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்கள். நெய்வேலிச் சுரங்கத்தின் நூறு மீட்டர் பள்ளமே எங்களுக்குப் பாதாளம். பூஜ் நிலநடுக்கமோ இருபது கிலோமீட்டருக்கும் கீழே பிறந்தது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. அதற்கும் கீழே போய்த் திரும்பி வந்து சேதி சொல்ல அலையைத் தவிர யாரால் முடியும்?

பூஜில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவ்வளவு பெரிய நடுக்கத்தை உண்டாக்கிய பிளவு தரைமட்டம் வரை உடைந்து வரவில்லை. வயலில் விரிசல்கள் விழுந்தன, மணலும் தண்ணீரும் பொங்கின. ஆனால் இதோ இந்தக் கோட்டில்தான் பாறை நழுவியது என்று விரல் வைத்துக் காட்ட மேலே தடயம் இல்லை. நீங்கள் குறித்து வைத்த நேரங்கள் மட்டும் இல்லாவிட்டால், குற்றவாளி யாரென்றே தெரியாமல் போயிருக்கும்.

சூளையிலிருந்து எடுத்த பொம்மையை நாங்கள் விரலால் சுண்டிப் பார்ப்போம். கீறல் இருந்தால் ஓசை மங்கும். உங்கள் வேலை இதைவிட நுட்பமானது. ஓசையோடு நில்லாமல் அது வந்து சேர்ந்த வேகத்தையும் எடை போடுகிறீர்கள். கடினமான கருங்கல்லில் பி அலை வினாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும், எஸ் அலை மூன்றரை. தண்ணீரில் பி அலைக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான். எஸ் அலை தண்ணீருக்குள் போகவே போகாது. ஆகவே ஆழத்துப் பாறை நொறுங்கி, அந்த விரிசல்களில் நீர் நிரம்பியிருந்தால், பி அலையைவிட எஸ் அலை அதிகமாகத் தளர்ந்து வரும். ஓ.பி.மிஸ்ராவும் ஜப்பானில் பணியாற்றிய தாபெங் ஜாவோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பூஜ் நடுக்கம் தொடங்கிய இடத்தைச் சுற்றி இரண்டு அலைகளுமே வேகம் குறைந்திருந்ததைக் காட்டினார்கள். நீர் புகுந்த விரிசல் பாறை அழுத்தம் தாங்காமல் வழுக்கியிருக்கலாம் என்பது அவர்களின் வாசிப்பு. அதே பகுதியில் வேகம் கூடிய திணிவுகளையும் கண்ட வேறு சிலர், அவை பழங்காலத்தில் மேலேறி உறைந்த எரிமலைக் குழம்பு என்றார்கள். நீங்கள் ஒருவரோடொருவர் தாளும் கணக்குமாக வாதாடிக்கொண்டது எனக்கு உங்கள் மேல் மதிப்பைக் கூட்டியது.

இந்த வித்தைக்கு நம் மண்ணில் நீண்ட மரபு உண்டு. 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தபடியே, தொலைதூரப் பதிவுகளில் மூன்று வகை அலைகளைப் பிரித்தறிந்தார். வெளிநாட்டிலும் இதே வழிதான்: 1909இல் மொகோரோவிசிச் என்ற ஆய்வாளர், ஆழத்தில் அலைவேகம் திடீரென்று எகிறும் எல்லையைக் குரோஷியாவில் கண்டார். மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் இடம் அது.

பிறகு இங்கே, கே.எல்.கைலாவின் தலைமையில் ஹைதராபாத்திலுள்ள புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தவர் 1972இல் காவலியிலிருந்து உடுப்பி வரை வெடி வைத்து, வரிசையாக உணர்விகள் பதித்து, நாட்டின் முதல் ஆழ்நில அதிர்வு ஆய்வைத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே அது கொய்னாவுக்கும் போனது. 1967 டிசம்பரில் அணைக்கட்டுக்கு அருகே நடுக்கம் வந்து இருநூறு பேர் வரை மடிந்த இடம். அலை எந்த அடுக்கில் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று தெரியாமல் நடுக்கத்தின் ஆழத்தைச் சொல்ல முடியாது; ஆழம் தெரியாமல் நீர்த்தேக்கத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று பேசவும் முடியாது. பின்னாளில் அங்கே துளையிட்டபோது ஓரிடத்தில் 933 மீட்டர் எரிமலைப் பாறையைத் தாண்டி நேராகக் கருங்கல் அடித்தளம் வந்தது. இன்னும் ஆழமான துளைக்கான முன்னோட்டத் துளை 2017இல் 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தொட்டது.

தமிழ்நாட்டுக்கும் வந்தீர்கள். குப்பத்திலிருந்து குமாரபாளையம் வழியாகப் பழனி வரை நீங்கள் இழுத்த கோடு, நம் காலடி மேலோடு 40 கிலோமீட்டருக்கும் கூடுதல் தடிமன் கொண்டது என்றும், அதன் நடுவில் வேகம் குறைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது என்றும் சொன்னது. பாறைநாட்டுக்கு அது போதும். கரையோரத்து எங்களுக்கு இன்னும் வேண்டும். பூஜ் குலுங்கிய அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவில் புதுச்சேரிக் கடலுக்குள் 5.5 அளவு நடுக்கம் வந்ததே.

அடுத்தது எப்போது என்று ஊரார் கேட்கும்போதெல்லாம், தெரியாது என்று நேர்மையாகச் சொல்கிறீர்கள். அதற்கும் நன்றி.

எங்கள் பக்கம் வந்தால் ஒரு செய்தி. கம்மாபுரத்தில் மண் மெத்தென்றது, சுரங்க இயந்திரங்களின் அதிர்வும் சேரும். நல்ல பதிவு கிடைப்பது கடினம். விருத்தாசலம் தாண்டி மேற்கே போகப் போகக் கடும்பாறை மேலே வந்துவிடுகிறது. கருவி வைக்க அங்கே இடம் கேட்டுப் பேசவும், மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருக்கிறோம்.


கம்மாபுரத்துப் பீங்கான் தொழிலாளி ஒருவன்