வாயிற்கதவு இல்லாத வனம்

பின்லாந்து நாட்டின் ஏரிகளை எண்ணியவர்கள் கூறும் தொகை ஏறத்தாழ 1,88,000. அந்நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து வடமேற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் சென்றால், பாறைமேடுகளும் பைன் மரங்களும் சிற்றேரிகளும் விரவிக் கிடக்கும் நூக்சியோ தேசியப் பூங்காவை அடையலாம். 1994ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இதன் பரப்பு 50 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி.

பூங்கா என்றவுடன் பாத்தி கட்டிய பூஞ்செடிகளையும் நுழைவுச்சீட்டு விற்கும் சாளரத்தையும் நினைத்துவிட வேண்டா. இங்கே வாயிற்கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. பிறர் நிலமேயாயினும், வீட்டு முற்றத்தையும் விளைநிலத்தையும் விலக்கி எவரும் காட்டில் நடக்கலாம்; காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்கலாம். இது அந்நாட்டு மக்களின் தொன்மையான உரிமை. ஆயினும் மரக்கிளையை முறிப்பதற்கோ, பாசியைப் பெயர்ப்பதற்கோ, பறவைக் கூட்டைக் கலைப்பதற்கோ எவருக்கும் உரிமை இல்லை. தேசியப் பூங்காவிலோ கட்டுப்பாடுகள் இன்னும் சில உண்டு.

வாருங்கள், முதியோரும் சிறுவரும் அடங்கிய ஒரு குழுவை ஒரு நாள் அங்கே நாம் வழிநடத்திச் செல்வதாகக் கொள்வோம்.

முதலில் நம்மை வரவேற்பது ஹல்தியா என்னும் இயற்கை மையம். 2013இல் திறக்கப்பட்ட இம்மரக் கட்டடம், அடைகாக்கும் நீர்ப்பறவையை நினைவூட்டுமாறு அமைந்துள்ளது. பறவை முட்டை உடைந்து, அதிலிருந்து வானும் நிலமும் தோன்றியதாகக் கூறுவது பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலா. அக்காவியத்தை உதயணன் என்ற பெயரில் எழுதிய ஆர். சிவலிங்கம் தமிழில் பெயர்த்தளித்தார் என்பதும், பூங்கா தோன்றிய அதே 1994இல் அது நூலாக வந்தது என்பதும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்திகள்.

பிறகு ஹௌக்கலம்பி என்னும் சிற்றேரிக்கு வருகிறோம். இங்கிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் சுற்றி, மீண்டும் இங்கேயே வந்து சேரும் பாதை ஒன்று உண்டு. வழி தவறாதிருக்க மரங்களில் வண்ணக் குறிகள் இட்டிருக்கிறார்கள். புறப்படுமுன் தலைகளை எண்ணிக்கொள்கிறோம். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளச் சொல்கிறோம். புல்லில் காத்திருக்கும் உண்ணிகள் நோய் பரப்ப வல்லவை. மாலையில் ஒவ்வொருவரும் தம் உடலைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

வழிகாட்டுவோர் இருவர் தேவை. ஒருவர் முன்னே, மற்றவர் கடைசியில். மெதுவாக நடப்பவரைப் பின்னே விட்டுவிடுவது வழக்கமாக நிகழும் தவறு. விரைந்து சென்றவர்கள் மேட்டில் அமர்ந்து இளைப்பாறுகிறார்கள். மூச்சு வாங்க அந்த மூதாட்டி வந்து சேர்ந்தவுடன், "எல்லாரும் வந்தாயிற்று, புறப்படுவோம்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிட்டுவதில்லை! ஆகவே மெதுவாக நடப்பவரை முன்னே செல்லும் வழிகாட்டிக்கு அடுத்து நிறுத்துகிறோம். அவருடைய நடையே குழுவின் நடை.

பாதை ஏறுகிறது. காலடியில் உள்ள பாறை 180 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்வரை இதன்மேல் படர்ந்திருந்த பெரும் பனிப்பாளம் நகர்ந்து நகர்ந்து இதைத் தேய்த்து மழமழப்பாக்கியது. அப்பாறையின்மேல் வெண்சாம்பல் நிறத்தில் மெத்தை விரித்தாற்போல் ஏதோ வளர்ந்திருக்கிறது. நம் வீட்டுச் சமையலில் மணத்துக்காக இடும் கல்பாசி இருக்கிறதல்லவா, அதற்கு இது உறவு. ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். வறண்ட நாளில் மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஒரு சிறுவன் விளையாட்டாக ஓடிச் சென்ற தடம் மறையப் பல ஆண்டுகள் ஆகும். இருபது பேர் பாதையை விட்டு விலகினால் என்னவாகும்? தனி ஒருவர் செய்யும் தீங்கு சிறிது. குழு செய்யும் தீங்கு பெரிது. சதுப்பு நிலத்தின்மேல் மரப்பலகைப் பாதை அமைத்திருப்பது நம் கால் நனையாதிருக்க மட்டுமன்று, சதுப்பின் நலனுக்காகவுந்தான்.

இப்பூங்காவின் சின்னம் பறக்கும் அணில். இரவில் நடமாடும் அதைப் பகலில் காண்பது அரிது. மரத்தடியில் கிடக்கும் மஞ்சள் நிறச் சிறு எச்சங்களே அது அங்கு வாழ்வதற்குச் சான்று. பொந்துள்ள முதிய மரங்களை வெட்டிவிட்டால் அதற்கு வீடு இல்லை. சிவந்த கழுத்துடைய நீர்மூழ்கிப் பறவை ஒன்றும் இங்குள்ள சிற்றேரிகளில் குஞ்சு பொரிக்கிறது. இரை தேடக் கடல்வரை பறந்து சென்று மீன் கொண்டு வருகிறது. கரையில் நாம் எழுப்பும் கூச்சல் கேட்டுத் தாய்ப்பறவை கூட்டை விட்டு அகன்றால், முட்டை குளிர்ந்துபோகும்.

நண்பகலில், தீ மூட்டுவதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்கிறோம். பூங்காவைப் பேணுவோர் கொண்டுவந்து வைத்த விறகு அங்கே இருக்கிறது. ஆனால் காட்டுத்தீ எச்சரிக்கை நிலவும் நாளில் திறந்த வெளியில் தீ மூட்டுதல் கூடாது. அந்நாளில் கொண்டுசென்ற ரொட்டியே உணவு! உண்டபின் குப்பைத்தொட்டியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவரவர் கொண்டுவந்த தாளும் புட்டியும் அவரவர் பையிலேயே திரும்ப வேண்டும்.

ஜூன் மாதமானால் அங்கே பகல் ஏறத்தாழ பத்தொன்பது மணி நேரம் நீளும். இருட்டிவிடுமோ என்னும் கவலை இல்லை. டிசம்பரிலோ ஆறு மணி நேரம்கூட இராது. காலையிலேயே புறப்பட்டு விரைவில் திரும்ப வேண்டும். எக்காலத்தும் இறுதியில் நாம் செய்வது ஒன்றே: தலைகளை மீண்டும் எண்ணுகிறோம்.

வேலியிட்டுக் காவலர் நிறுத்திக் காக்கப்படும் இடங்கள் உலகில் பல. நூக்சியோவையோ பெரும்பாலும் காப்பது அங்கு நடப்பவரின் மனச்சான்றே. கண்காணிப்பவர் இல்லாத பாறைமேட்டில், பாசியை மிதியாமல் சுற்றிச் செல்லும் ஒரு குழந்தையைக் காணும்போது, அந்தப் பழைய உரிமை அடுத்த தலைமுறைக்கும் எஞ்சும் என்று நம்பலாம்.