எர்த் ஒயருக்கு யார் பொட்டு வைப்பது?

சித்தூர்ப் பக்கம் கடன் தகராறோ சொத்துத் தகராறோ முற்றிவிட்டால், "காணிப்பாக்கம் வா, குளத்துல முழுகிட்டுப் பிள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணு" என்பார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்யத் துணிகிறவர்கள் குறைவு. புது வண்டி வாங்கியவர்களும் பூஜைக்கு அதே சந்நிதிக்குத்தான் வருகிறார்கள். மாலை, தேங்காய், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனம். பானட்டைத் திறந்து பேட்டரிக்குப் பொட்டு வைத்தவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். எர்த் ஒயருக்கு வைத்தவரைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுப் பழைய டீசல் ஜீப்புக்குக் காலையில் செல்ஃப் எடுப்பதென்றால் வேதனை. பார்த்த மெக்கானிக், "பேட்டரி போச்சு சார், வேணும்னா காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றேன்" என்றார். புது பேட்டரி வந்தது. சில மாதத்தில் அதுவும் படுத்துக்கொண்டது. இந்த வட்டாரத்தில் பேட்டரிக்கு என்ன பஞ்சம்? திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் பேட்டரித் தொழிற்சாலையே இருக்கிறது. 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்துடையது. அதனாலோ என்னவோ, வண்டிக்கு எந்த நோய் வந்தாலும் இங்கே முதலில் பேட்டரியைத்தான் மாற்றச் சொல்கிறார்கள்.

அடுத்த யோசனை ஆல்டர்னேட்டர். வண்டியில் இருந்தது 35 ஆம்பியர். ஃபேன், பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் என்று வருஷத்துக்கு ஒன்றாக ஏற்றியிருந்ததால், 65 ஆம்பியர் போடலாம் என்று சித்தூரில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். வயதானவர், பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. "அவசரம் வேணாம் சார், முதல்ல மீட்டர் வச்சுப் பாப்போம்" என்றார்.

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆல்டர்னேட்டரிலேயே மீட்டரை வைத்தார்: 14.2 வோல்ட். பேட்டரி முனைகளில் வைத்தார்: 13.1. நடுவில் 1.1 வோல்ட் காணாமல் போயிருந்தது. "மீட்டர் பொய் சத்தியம் பண்ணாது சார்" என்று சிரித்தார்.

கள்ளன் இரண்டு இடத்தில் இருந்தான். பழைய ஜீப்பில் ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்பும் மின்சாரம் நேராகப் பேட்டரிக்குப் போகாது. டேஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் வரை போய், அதற்குள் நுழைந்து, திரும்பி வரவேண்டும். மெல்லிய ஒயர், நீண்ட வழி, தளர்ந்த லக்குகள்: அங்கே 0.7 வோல்ட். மிச்சம் 0.4 எர்த் பக்கம். இன்ஜினையும் சேஸையும் இணைக்கும் பட்டையின் அடியில் பெயின்ட்டும் துருவும். 30 ஆம்பியர் ஓடும்போது 1.1 வோல்ட் விழுந்தால் 33 வாட் வெறும் சூடாகப் போகிறது. 55 வாட் ஹெட்லைட் பல்பில் பாதிக்கு மேல் அது!

நஷ்டம் அத்தோடு முடிவதில்லை. 13.1 வோல்ட்டில் பேட்டரி முழுதாக ஏறாது. அரைகுறையாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். பேட்டரி போச்சு என்று சொன்னவர் சொன்னது உண்மைதான், ஆனால் அதைக் கொன்றது ஒயர். பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போல் குறையும். காணிப்பாக்கத்திலிருந்து ராத்திரி திரும்பும்போது வழியில் மாடு படுத்திருப்பது கிட்டத்தில் போன பிறகுதான் தெரிந்ததற்குக் காரணம் என் கண் இல்லை.

பெரிய ஆல்டர்னேட்டரை இந்த ஒயரிலேயே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒயரின் தடையில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும். ஆம்பியர் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. பெரிய மோட்டார் வாங்கிவிட்டுத் தோட்டத்துக்குப் பழைய அரை அங்குலக் குழாயையே விட்டுவைக்கிற கதைதான். பெல்ட்டையும் மறக்கக்கூடாது. 65 ஆம்பியரை 14 வோல்ட்டில் எடுக்க 900 வாட்டுக்கு மேல் வேண்டும். ஆல்டர்னேட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் இன்ஜினிலிருந்து இரண்டு குதிரைத்திறன் போகிறது. தேய்ந்த ஒற்றை பெல்ட் கீச்சென்று கத்தும்.

முதலில் ஒயரிங் நடந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 80 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸைப் பல கடைகளில் போடுவதே இல்லை. ஒயர் எங்கேயாவது உரசி பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வண்டி எரியும். எர்த் இடங்களை இரும்பு பளபளக்கச் சுரண்டிப் புதுப் பட்டை. ஆம்பியர் மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட் மீட்டர்.

65 ஆம்பியரும் பிறகு வந்தது, புது பெல்ட்டோடு. காரணம் அலிபிரி. திருமலைக்கு ஏறும் முன் சோதனைச் சாவடி வரிசையில் இன்ஜின் ஐடிலில் முனகிக்கொண்டே நிற்கும். ஐடிலில் எந்த ஆல்டர்னேட்டரும் தன் முழு ஆம்பியரைத் தராது, அதனால்தான் பெரியதாகப் போட்டோம். டைனமோ காலத்தில் இது இன்னும் மோசம்: ஐடிலில் அனேகமாகச் சார்ஜே ஏறாது. வண்டிக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது விளக்கை அணைத்து வைத்ததற்கு அதுதான் காரணம்.

உங்கள் வண்டிக்கும் யாராவது பேட்டரியையோ ஆல்டர்னேட்டரையோ மாற்றச் சொன்னால், பழையதில் ஸ்பானர் வைக்கும் முன், லைட்டைப் போட்டு இரண்டு இடத்திலும் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காசை முதலில் ஒயருக்கும் எர்த்துக்கும் செலவழியுங்கள்.