பின்புறத்து அடுக்குமாடி

வீடமைப்பைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் இடம்பெறும் பக்கத்தில் செங்கல்லும் சிமெண்டும் எதற்கு என்பது அவர் ஐயம். வகுப்பாசிரியராக இருப்போருக்கு இந்த ஐயம் எழாது. ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் விவரப் படிவங்களை அடுக்கும்போதே எந்தப் பிள்ளை எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். எவன் காலையில் தூங்கி வழிவான், எவள் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்து எழுதியிருப்பாள் என்பதையும் பாதி முகவரியே சொல்லிவிடும். ஆசிரியர் அறைகளில் 'அந்த ஃபிளாட் பிள்ளைகள்' என்று ஒரு தொடர் உண்டு. எந்த ஃபிளாட் என்று யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையின் மீது அது வாழும் கட்டடத்தின் பெயர் ஒட்டிக்கொள்வது என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது.

நம்மவர் இந்த அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த வழியை அறியாதவர் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பின்னர் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்கப்பட்டன. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. ஆகவே வேலை போனபோது வீடும் சேர்ந்தே போயிற்று. நகரோரப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறியவர் பலர். அந்த நிலமும் மேம்பாட்டுக்குத் தேவைப்பட்டபோது, 'நீண்ட வீடுகள்' எனப்படும் தற்காலிகக் குடியிருப்புகளில் சிலர் வைக்கப்பட்டனர். அந்தத் தற்காலிகம் சில இடங்களில் பத்தாண்டுகளையும் தாண்டிற்று. அதன் பின்னரே மலிவு விலை அடுக்குமாடி.

1982ஆம் ஆண்டில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது. 1998இல் அது இடத்தையும் நில மதிப்பையும் பொறுத்து 25,000 முதல் 42,000 ரிங்கிட் வரை என மாற்றப்பட்டது. பெரிய வீடமைப்புத் திட்டங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இவ்வகை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் தனியார் மேம்பாட்டு நிறுவனங்களுக்கு நிபந்தனை விதித்தன. விகிதமும் விலையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நில விவகாரம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே காரணம். தாளில் பார்த்தால் இது அருமையான ஏற்பாடு. வங்கி அதிகாரியும் லாரி ஓட்டுநரும் ஒரே பூங்காவில் மாலை நடை போவர். அவர்தம் பிள்ளைகள் ஒரே திடலில் பந்து விளையாடுவர்.

கணக்கு அப்படி அமையவில்லை. 42,000 ரிங்கிட்டுக்கு விற்கும் வீட்டைக் கட்ட அதற்கும் மேல் செலவாகிறது என்றால், அந்தக் குறையை நிறுவனம் மற்ற வீடுகளின் விலையில் ஏற்றியாக வேண்டும். அந்த மற்ற வீடுகள் நல்ல விலைக்குப் போக வேண்டுமானால், மலிவு விலைக் கட்டடம் வாங்குவோர் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்று நிறுவனம் நினைக்கிறது. ஆகவே அது நிலத்தின் பின்மூலைக்குப் போகிறது. கழிவுநீர்க் குளத்தின் ஓரம், உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகு, நெடுஞ்சாலையின் இரைச்சல் நேராக விழும் பக்கம். விளம்பரப் பலகையில் ஊற்றும் பனைமரமும் உள்ள முகப்பு வாயில் ஒன்று. அடுக்குமாடிக்காரர்களுக்குக் கடைவரிசையின் பின்னால் சுற்றிப் போகும் வழி ஒன்று. நான் அறிந்த குடியிருப்பு ஒன்றில் இரண்டுக்கும் நடுவே ஆளுயரச் சுவர் இருக்கிறது. சுவருக்கு அப்பால் உள்ள திடலுக்குப் போகப் பிள்ளைகள் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பிள்ளைகள் சுற்றுவதில்லை, சுவரேறிக் குதிக்கின்றனர். பிறகு அவர்களைப் பற்றிப் புகார் வருகிறது.

அரசாங்கமே கட்டிய பிபிஆர் எனும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறம்போக்குக் குடியிருப்பாளரை மறுகுடியமர்த்துவதே அதன் முதன்மை நோக்கம். முந்தைய மலிவு விலை வீடுகள் பலவற்றில் இரண்டே படுக்கையறைகள். இங்கே மூன்று, சுமார் 700 சதுர அடி. கோலாலம்பூரில் வாடகை மாதம் 124 ரிங்கிட் என்ற அளவிலேயே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. பலகை வீட்டில் மழைக்காலத்தைக் கழித்தவருக்கு இது பெரிய மாற்றம். அதைக் குறைத்துச் சொல்வது நன்றியாகாது. வீட்டுக்குள்ளே குறை சிறிதுதான். கட்டடம் முழுவதும் ஒரே வருமானம், ஒரே நெருக்கடி என்று ஆக்கி வைத்ததே என் கண்ணில் பெருங்குறை. வேலை இழப்பு வந்தால் ஒரு மாடி முழுவதும் ஒன்றாகத் தடுமாறுகிறது. மின்தூக்கி பழுதானால் அதைக் குறித்து மாநகர் மன்றத்துக்கு விடாமல் எழுதக்கூடிய, எழுதினால் கேட்கப்படக்கூடிய ஆள் கட்டடத்தில் குறைவு. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் உள்ள பிபிஆர் ஒன்றில் மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி ஒன்று, கீழே வந்துகொண்டிருந்த 15 வயதுத் தமிழ் மாணவன் உயிரைக் குடித்தது. அதன்பின் பேசப்பட்டது பெரும்பாலும் குடியிருப்பாளரின் ஒழுக்கத்தைப் பற்றி. எறிந்த கை குற்றமுடையதுதான், ஐயமில்லை. ஆயினும் பழைய தட்டுமுட்டுப் பொருள்களை இறக்க வழி என்ன, நடைபாதைக்கு மேல் கூரை உண்டா, பிள்ளைகள் நடக்கும் வழி கட்டடத்தின் காலடியை ஒட்டியே போக வேண்டுமா என்ற கேள்விகள் வடிவமைப்பாளரை நோக்கியவை. அவற்றைக் கேட்டவர் குறைவு.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. கட்டுப்பாடு தளர்ந்த நாள்களில், கைப்பேசி இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள்களை நானும் சக ஆசிரியர்களும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எட்டாம் மாடிக்குப் படியேறிய நாளும் உண்டு. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையுடன் வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்குமேல் முறை வைத்துப் படித்தனர். ஒரு சிறுமி தாழ்வாரத்தில், காலணி அடுக்கின் மேல் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே காற்றில்லை என்றாள் அவள் பாட்டி. "வெளிய வச்சாதான் புள்ளைக்கு எழுத்து வருது சார், உள்ள இருட்டு" என்றார். நீளத் தாழ்வாரத்தின் இருபுறமும் வீடுகளை வைத்தால் குறுக்குக் காற்று கிடைக்காது. இது கட்டடக்கலை படித்தவர் எல்லாரும் அறிந்த பாடம். மலிவாகக் கட்டுவதற்கும் மோசமாக வடிவமைப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்தக் காலணி அடுக்கு எனக்கு விளக்கியது.

ஜொகூரில் இருப்பவர்கள் கடற்பாலத்துக்கு அப்பால் பார்க்காமல் இருக்க முடியாது. என் மாணவர் பலரின் தந்தையர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அக்கரைக்குப் போகிறவர்கள். உட்லண்ட்ஸ் சாவடியைக் கடந்ததும் அவர்கள் முதலில் காண்பது அடுக்குமாடிகளையே. அங்கே அடுக்குமாடி என்றால் ஏழை என்று பொருளில்லை.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தோன்றியது. லிம் கிம் சான் முதல் தலைவர். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதன்பின் கட்டுமானம் வேகம் கண்டது. 1964இல் வீட்டு உரிமைத் திட்டமும், 1968இல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்கும் வசதியும் வந்தன. இன்று முக்கால் பங்குக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர் இவ்வீடுகளில் வாழ்கின்றனர். ஆசிரியர், தாதியர், பொறியாளர், பேருந்து ஓட்டுநர் எல்லாரும் அதில் அடக்கம். இதற்கு அடிப்படை நிலம். 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தால் அரசு நிலத்தைத் தன் கையில் சேர்த்துக்கொண்டது. நில உடைமையாளர்கள் இழந்தது கொஞ்சமல்ல. வீடும் 99 ஆண்டுக் குத்தகையே. இவற்றை மறைத்துவிட்டுச் சிங்கப்பூரைப் புகழ்வது முறையாகாது.

நான் மிகவும் மதிப்பது பணத்தைக் கையாளும் முறையை. பல அளவு வீடுகள் ஒரே பேட்டையில் இருக்கும். நகர மன்றம் மாதந்தோறும் வாங்கும் பராமரிப்புக் கட்டணமோ வீட்டின் வகையைப் பொறுத்து மாறும். ஓரறை வீட்டாருக்குக் குறைவு, ஐந்தறை வீட்டாருக்கு மிகுதி. மின்தூக்கி இருவருக்கும் ஒன்றே, துப்புரவும் ஒன்றே. கட்டடத்தின் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறுமையாக விட்டிருப்பர். திருமணமும் இறுதிச் சடங்கும் அங்கேதான். தஞ்சோங் பகாரில் 1960களின் பத்து மாடிக் கட்டடங்கள் இரண்டு இருந்த இடத்தில், 2009இல் 50 மாடிகளில் 1,848 வீடுகளுடன் 'பினக்கிள்' எழுந்தது. நகரின் நடுவே, வானளாவிய அலுவலகங்களுக்கு அருகில், சொகுசு வீடுகள் கட்டி விற்றிருக்கக்கூடிய நிலம் அது. அதைப் பொதுவீட்டுக்குக் கொடுத்தது துணிவான முடிவு. அங்கு வாங்கியவர்கள் பின்னர் மறுவிற்பனையில் பெரும்பணம் பார்த்தனர் என்பதும் உண்மை. அந்தப் பாடத்தைக் கற்றே, 2021 முதல் நகர மையத் திட்டங்களுக்குக் கடுமையான விதிகள் வந்தன. குறைந்தது பத்தாண்டுகள் குடியிருக்க வேண்டும், விற்கும்போது கூடுதல் மானியத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும், மறுவிற்பனையில் வாங்குவோருக்கும் வருமான வரம்பு உண்டு என்பன அவை.

ஏழையரை ஒதுக்கி வைத்த தவறு அங்கும் நடந்தது. ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் நெடுங்காலம் தனிக் கட்டடங்களாகவே நின்றன. அண்மை ஆண்டுகளில்தான் விற்பனை வீடுகள் உள்ள கட்டடத்திலேயே வாடகை வீடுகளையும் கலந்து கட்டத் தொடங்கினர். இனக் கலப்பிலும் வலி இருந்தது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு அக்கம்பக்கத்தில் 10 விழுக்காடு, ஒரு கட்டடத்தில் 13 விழுக்காடு என வரம்பு வைத்தது. 2010இல் அவை 12, 15 ஆயின. வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீடு வைத்திருக்கும் சீனரல்லாதார், வாங்குவோர் குறைவதால் விலையைக் குறைத்து விற்க நேர்ந்தது. 2022இல்தான் சில நிபந்தனைகளோடு கழகமே அத்தகைய வீடுகளை வாங்கிக்கொள்ளும் வழி பிறந்தது. கலந்து வாழ்வதன் நன்மை எல்லாருக்கும். விலையை மட்டும் சிறுபான்மையினர் கொடுத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு ஏற்புடையதன்று.

நம் நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் போல நிலம் முழுவதையும் அரசு வைத்திருக்கப் போவதில்லை. ஆனால் பராமரிப்புச் சிக்கலுக்கு நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி வீட்டுரிமையாளர் தம் பங்கு அலகுக்கேற்ப மாதக் கட்டணமும், அதன் பத்து விழுக்காட்டைச் சேமிப்பு நிதியாகவும் செலுத்த வேண்டும். மலிவு விலைக் கட்டடத்தில் கட்டணம் சிறிது, கட்டாதோர் பலர். ஆகவே மின்தூக்கியை மாற்றும் நாள் வரும்போது நிதியில் பணமிருப்பதில்லை. ஒரே திட்டத்தில் சொகுசு வீடும் மலிவு வீடும் இருந்தால், நீச்சல் குளத்தின் செலவு ஏழையின் தலையில் விழாதிருக்கத் துணை நிர்வாகக் கழகம் அமைக்கவும் வழியுண்டு. நியாயமான ஏற்பாடுதான். எனினும் குளத்தின் செலவைப் பிரித்தவர்கள் நாளை திடலையும் பிரித்தால், பிறகு வாயிலையும் பிரித்தால், பழைய சுவர் சட்டத்தின் துணையோடு மீண்டும் எழும். குளம் தனியாக இருக்கட்டும். வாயிலும் திடலும் மின்தூக்கி நிதியும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வசதியுள்ளவர் இதற்காக மாதம் சில ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, மக்கள் வெளியேறிவிட்ட தோட்டங்களில் 150 மாணவருக்கும் குறைவாக நிற்கின்றன. மலிவு வீடுகளோ நகரின் வெளி விளிம்பில், தமிழ்ப்பள்ளி இல்லாத இடங்களில் எழுகின்றன. பள்ளி வேன் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தே பிள்ளையை அருகிலுள்ள தேசியப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரை நான் குறை சொல்லத் துணியேன். மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று மேடைதோறும் முழங்குவோர், வீடு எங்கே கட்டப்படுகிறது என்பதை ஒருமுறையேனும் விசாரிக்கலாம்.

விசாரிக்க வாய்ப்பும் உண்டு. 1976ஆம் ஆண்டின் நகர், புறநகர்த் திட்டச் சட்டப்படி, ஊராட்சி மன்றம் தன் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். எங்கே குடியிருப்பு, எங்கே தொழிற்சாலை, எங்கே பள்ளி நிலம் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் வண்ணமிட்டிருக்கும். ஆட்சேபப் படிவத்தில் மிகுதியாக எழுதத் தேவையில்லை; பெயர், முகவரி, எந்த நிலத்தைப் பற்றி, என்ன கோரிக்கை என்பன போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேருந்துக் கட்டணத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரைமணியை இதற்கு ஒதுக்கலாம். அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்க்கும்படி எங்கள் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலாய்ப் படிவத்தை நிரப்பத் தயங்கும் பெற்றோர் இருந்தால், பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.