கூலி மட்டும் போதுமா?

வெள்ளம் வடிந்தபின் சாவகச்சேரியில் நாம் தேடுவது கிணறு இறைக்கவும் மலகூடக் குழியைத் துப்புரவாக்கவும் ஓர் ஆளைத்தான். நம் மண்ணின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். குழிநீர் அதன் வெடிப்புகளினூடே கிணற்றையும் எட்டும். அந்நீரில் வெறுங்காலுடன் இறங்குபவரின் சிறு கீறலே நோய்க்கு வாயிலாகும். 2024 வெள்ளத்தை அடுத்து, எலிச்சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் குடாநாட்டில் உயிர்களைப் பலிகொண்டது. மூடிய குழியிலோ நச்சுவாயு கணத்தில் ஆளை வீழ்த்தும். அதனுள் எவரையும் இறக்கலாகாது. பவுசர் வண்டியின் குழாய் அவ்வேலையைச் செய்யட்டும்.

கூலியைக் குறையாமல் கொடுக்கிறோம். கையுறையும் நீண்ட சப்பாத்தும் கொடுக்கிறோமா? வேலை முடிந்ததும் சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் வைக்கிறோமா? முகஞ்சுளித்து எட்ட நின்றல்லவா காசை நீட்டுகிறோம்! நம் வீட்டு அழுக்கை அகற்றுபவர் நலத்தோடு தம் வீடு சேர்வதும் நம் கடனே.