நூல் கோத்த வாழ்த்து

என் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் இருக்கின்றன. நான் கிறிஸ்தவன் அல்ல. ஆயினும் ஆண்டுக்கு ஒன்றாக அவை என்னைத் தேடி வந்திருக்கின்றன. 2010-இல் தொடங்கும் அந்த வரிசையில் 2023-க்கு உரியது மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது ஒரு நாவலுக்காகக் கடற்கரை ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நெட்டுக்குப்பம் எண்ணூரில் இருக்கும் மீனவர் ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் கடலோடு கலக்கப் போகும் கொசஸ்தலை ஆறு. நிமிர்ந்து பார்த்தால் புகைபோக்கி. பழைய அனல்மின் நிலையம் அன்று ஓடிக்கொண்டிருந்தது, 2017-இல்தான் மூடினார்கள்.

ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் மடியில் எதையோ வைத்து ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். வலைதான் சீர் செய்கிறார் என்று நினைத்து, நாவலாசிரியனுக்கே உரிய மேதாவித்தனத்துடன், "என்ன வலை அக்கா இது, இறால் வலையா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடி போட்டுக்கினு வந்து பாரு தம்பி" என்றார். மடியில் இருந்தது வெள்ளை அட்டை.

காசிமேட்டில் பிறந்து நெட்டுக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். சிறுமியாக இருந்தபோது கன்னிகாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் கற்றுக்கொண்ட வேலை அது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை வெட்டிய மிச்சத்தை எடை போட்டு வாங்கி வருவார். அட்டையை நான்காக மடித்த துண்டின் மேல் வைத்து, நடுவிலிருந்து எட்டுக் கோடு. கோட்டுக்குப் பத்துத் துளை. பிறகு நூல். ஒரு கோட்டின் வெளிக்கோடித் துளையிலிருந்து அடுத்த கோட்டின் உள்கோடித் துளைக்கு ஓர் இழை. அடுத்த இழை ஒரு துளை உள்ளே இறங்கி, அந்தப் பக்கம் ஒரு துளை வெளியே ஏறும். எண்பது துளை, எண்பது இழை. அத்தனையும் நேர்க்கோடு, ஆனால் முடித்துவிட்டுப் பார்த்தால் வளைந்து வளைந்து நிற்கும் ஒரு நட்சத்திரம்!

இந்த வித்தைக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. நேர் இழைகளால் வளைவு தோன்றச் செய்யும் இந்தத் தையலைக் குழந்தைகளுக்குக் கணிதம் புகட்டும் வழியாக ஆக்கியவர் மேரி எவரெஸ்ட் பூல் என்ற ஆங்கில மாது (1832–1916). அவருடைய பெரிய தந்தைதான் எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் தலைமையேற்று நடத்திய பெரும் நில அளவை 1802-இல் நமது பரங்கிமலையருகே லாம்டன் போட்ட அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது. பெரியவர் நாட்டைக் கோடுகளால் அளந்தார். பெண் அட்டையில் கோடுகளைக் கோத்தார்.

அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஊரார் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதி மாளாமல், ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து அச்சிட்டார். ஆக, அந்த அட்டை பிறந்ததே எழுதும் சிரமத்தைக் குறைப்பதற்காக. அக்காவின் அட்டையோ சிரமத்தைத் தேடிப் போய்ச் செய்வது.

அந்த ஆண்டு டிசம்பரில் தபாலில் எனக்கு ஒரு நட்சத்திரம் வந்தது. நானும் கடையில் அழகான அட்டை ஒன்று வாங்கிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். சில ஆண்டுகள் அப்படி நடந்தது. பிறகு கைபேசி வந்து சேர்ந்தது. அவருடைய பேரனின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெழுகுவத்திப் படத்தை அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்தேன். ஒரு விரல் தட்டினால் நாற்பது பேருக்குப் போகும் வாழ்த்து அது. அங்கிருந்து மட்டும் எண்பது துளைகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிவிட்டதென்று செய்தி வந்தது. படகில் நின்று வெறுங்கையால் எண்ணெயை அள்ளும் மனிதர்களின் படத்தைப் பார்த்தேன். "அடப் பாவமே" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஆற்றங்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு வாசல் இருக்கிறது என்ற நினைவு வரவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, புத்தாண்டும் போயிற்று. பொங்கலுக்கு இழுப்பறையை ஒழித்தபோதுதான் அட்டை வராதது உறைத்தது.

மறுநாளே எண்ணூருக்கு ரயில் ஏறினேன்.

"இன்னா தம்பி, வழி தெரிஞ்சுதா?" என்றார் அக்கா. அதில் குத்தல் இல்லை, எனக்குத்தான் குத்தியது.

உள்ளே போய் ஒரு பிஸ்கோத்து டப்பாவை எடுத்து வந்தார். நாற்பது அட்டைகள். நவம்பரிலேயே எல்லாவற்றிலும் துளை போட்டு முடித்திருக்கிறார். மூவாயிரத்து இருநூறு துளைகள். பாதி அட்டை உறவுக்காரர்களுக்கு. பாதி கோயில் வாசலில் விற்பதற்கு. பேரப் பிள்ளைகளின் புதுத்துணி அந்தப் பாதியில்தான் வரும். நூல் கோக்க உட்கார்ந்த வாரத்தில்தான் எண்ணெய் வந்தது.

"ஆத்துல காலு வைக்க முடியல. அவரு வலையத் தூக்கியாந்து போட்டாரு, அத்தனையும் கருப்பு. கைய எத்தினி வாட்டி கழுவினாலும் பிசுக்கு போவல. அட்டையத் தொட்டா ரேகை பதியுது" என்றார்.

ஓர் அட்டையைக் காட்டினார். நட்சத்திரம் பாதியில் நின்றிருந்தது. வெள்ளை நூல் பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் கட்டை விரலின் ரேகை, போலீஸ் நிலையத்தில் எடுத்ததுபோல் அத்தனை தெளிவாக.

"இதையே எனக்குக் கொடுங்கள், அக்கா" என்றேன்.

"கறை பட்டத வாழ்த்துன்னு யாராச்சும் குடுப்பாங்களா?" என்று டப்பாவை மூடிவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்தேன். செய்யக் கூடாததைச் செய்கிறோம் என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது. அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அட்டைய வித்தா காசு வாங்குவேன் தம்பி. இப்ப இன்னா வித்தேன்?"

பையில் திருப்பி வைத்துக்கொள்வதைவிடக் கஷ்டமான காரியம் வேறு உண்டா? வைத்துக்கொண்டேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "எனக்கு இதைக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ! அவர் சிரித்துவிட்டு, டப்பாவின் அடியிலிருந்து கறை படாத ஓர் அட்டையைத் தேடி எடுத்து, ஊசியில் சிவப்பு நூல் கோத்துக் கொடுத்தார்.

நாற்பது ஆண்டுகளாக எழுதுகிறவன். விரல்கள் சொன்னபடி கேட்கும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அரை மணியில் இரண்டு முறை கையைக் குத்திக்கொண்டேன். எட்டில் மூன்று பங்கு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா அதை வாங்கிப் பார்த்தார். முன்பக்கத்தை அல்ல, சட்டென்று திருப்பிப் பின்பக்கத்தை. "முன்னாடி எல்லாருக்கும் அழகாத்தான் தெரியும். முடிச்சு பின்னாடிதானே கீது" என்றார். அவருடைய அட்டைகளின் பின்புறம் மெல்லிய காகிதம் ஒட்டியிருக்கும். அதன் அடியில் என்ன இருக்கிறதென்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

மீதியை வீட்டுக்கு எடுத்து வந்து முடிக்கப் பார்த்தேன், பாழாயிற்று. புதிதாக ஒன்று தொடங்கினேன். 2024 நவம்பர் முழுதும் மாலை வேளைகள் அதற்கே போயின. என் மனைவி, "நாவல் என்ன ஆயிற்று?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில், பின்புறம் காகிதம் ஒட்டாமலே, ஒரு நட்சத்திரத்தை உறையில் போட்டு நெட்டுக்குப்பத்துக்கு அனுப்பினேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு அட்டை வந்தது. வெள்ளையும் நீலமுமாக எட்டு முனைகளும் அப்பழுக்கில்லாமல். ஆறு தேறிவிட்டதென்று சொல்லமாட்டேன். கைப்பிசுக்கு போயிருந்தது, அவ்வளவுதான். வழக்கமாகப் பெயரை மட்டும் எழுதுகிறவர், அந்த முறை பேரனை விட்டுக் கீழே ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தார்:

"தம்பி, மூணாவது கோட்டில் ஏழாவது துளையை விட்டுட்டீங்க. மத்தபடி நல்லா இருக்கு."

என் நாவல்களுக்கு எத்தனையோ மதிப்புரைகள் வந்திருக்கின்றன. இவ்வளவு கவனமாக யாரும் என்னைப் படித்ததில்லை.