படத்தில் தெரிந்த வடு

எக்ஸ்ரேயோ ஸ்கானோ, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொன்னால் நாம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். அவசரப்பட்டு உடைக்கக் கூடாத வியாதி ஒன்று உண்டு என்பதைச் சித்தி மகள் விஷயத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. பல வருஷமாக வலிப்பு. ஊரில் காக்காய் வலிப்பு என்பார்கள். கால் கை வலிப்பு என்பதுதான் அப்படி மருவிற்றாம். பாவம், காக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இவளுக்கோ கையும் காலும்கூட இழுப்பதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பார்வை குத்திட்டு நிற்கும், வாய் எதையோ மெல்லும், விரல்கள் புடவைத் தலைப்பைத் திருகும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். பிறகு, "என்ன கேட்டீங்க அண்ணா?" என்பாள். நடுவில் நடந்தது எதுவும் அவள் கணக்கில் கிடையாது.

மூன்று மருந்து மாற்றியும் குணம் இல்லை. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்து இப்படிக் கைகொடுப்பதில்லை. அவர்களில் சிலருக்கு ரண சிகிச்சை உண்டு. வலிப்பைக் கிளப்பிவிடும் இடத்தை மூளையிலிருந்து எடுத்துவிடுவார்கள். நம் வேலூரிலேயே 1950-களில் ஜேக்கப் சாண்டி இதைச் செய்திருக்கிறார். எடுப்பது இருக்கட்டும், எந்த இடத்தை எடுப்பது? அதற்காகத்தான் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அவளைப் படுக்கவைத்தார்கள்.

காதுக்கு நேர் உள்ளே, மூளையில் கடல்குதிரை போல வளைந்த சிறு பகுதி ஒன்று இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற கிரேக்கப் பெயருக்கும் கடல்குதிரை என்றுதான் பொருள். புதிய ஞாபகங்கள் பதிய அது வேண்டும். அவளுக்கு இடப்பக்கத்தில் அது சுருங்கி, வடுப்பட்டு, படத்தில் வெளுப்பாகத் தெரிந்தது. சித்தி அழத் தொடங்கினாள். டாக்டர் முகத்திலோ திருப்தி. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் கூட வந்தது.

பிறகு அவரே விளக்கினார். வடு தெரிந்தால் வியாதியின் விலாசம் கிடைத்த மாதிரி. படம் சுத்தமாக இருந்தால்தான் எங்கே தேடுவது என்று திண்டாட்டம். அதோடு, சுருங்கிப்போன பகுதி தன் வேலையில் பெரும்பங்கை முன்பே கைவிட்டிருக்கும். எடுப்பதில் நஷ்டம் குறைவு. பார்வைக்குப் பழுதில்லாததை எடுத்தால்தான் ஞாபகம் குறைந்துபோகும் என்ற பயம் அதிகம்.

இந்தப் படங்கள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஹென்றி மொலேசன் சாட்சி. 1953-ல், அமெரிக்காவில், அவருக்கு 27 வயதில், ஸ்கோவில் என்ற சர்ஜன் இரண்டு பக்கத்திலும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2008-ல் கண்ணை மூடும் வரை, 55 வருஷம், புதிதாகச் சந்தித்தவர்களை அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அறைக்கு வெளியே போய்த் திரும்பி வந்தவரிடம் மறுபடியும் அறிமுகம்! ஸ்கோவிலைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உள்ளே பார்க்க அவருக்கு என்ன வழி இருந்தது?

இடப்பக்கம் என்பதால் பேச்சைப் பற்றியும் கவலை. முன்பெல்லாம் ரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிஷம் தூங்கவைத்து, மறு பாதிக்குப் பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். ஜூன் வாடா என்ற ஜப்பானிய வைத்தியர் 1949-ல் கண்ட முறை. இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக அதே எம்.ஆர்.ஐ. குழாயில் படுக்கவைத்து, மனசுக்குள் வார்த்தைகளை நினைக்கச் சொல்கிறார்கள். உழைக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதை இயந்திரம் கண்டுபிடித்துவிடும்.

இவளுக்குக் 'க' என்ற எழுத்து. "நல்ல வார்த்தையா ஒண்ணும் வரலை அண்ணா. கடன், கத்தரிக்காய், கடுகு, மறுபடியும் கடன்!" என்று சிரித்தாள். இடப்பக்கம்தான் பேசுகிறது என்று படம் சொல்லிவிட்டது.

ஆகவே டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: பேச்சு போகாது, ஆனால் பெயர்கள் சில சமயம் நாக்கு நுனியில் நின்றுவிடலாம். 2001-ல் வெளியான கனடா நாட்டு ஆராய்ச்சி ஒன்றையும் காட்டினார். ஒரு வருஷ முடிவில், நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள், ரண சிகிச்சைப் பிரிவில் 100-க்கு 58 பேர். மருந்துப் பிரிவில் 8 பேர்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள், வருஷப் பரீட்சை முடிந்ததும் தேதி கொடுக்கும்படி டாக்டரிடம் சொல்லிவிட்டாள். சித்தி இன்னும் சம்மதிக்கவில்லை.