இடமில்லை என்று சொன்னேன்

இரண்டாம் உலகப் போரில் எதிரியை ஏய்க்கக் கையாண்ட சூழ்ச்சிகளைப் பற்றி லண்டனில் ஒரு கண்காட்சியை வடிவமைத்தேன். அதில் இடம்பெற வேண்டிய தகவல் பலகை ஒன்றை வேண்டுமென்றே நீக்கினேன். அதை எழுதித் தந்த ஆய்வாளரிடம் சுவரில் இடமில்லை என்று சொன்னேன். அது பொய். இடம் இருந்தது. அதைப் படித்தால் பார்வையாளர்களின் முகம் வாடிவிடும் என்ற பயத்தில்தான் நீக்கினேன்.

அந்தப் பலகை கிளின்டூர் மைக்கேல் என்பவரைப் பற்றியது. 1909-இல் வேல்ஸில் அபர்பார்கோய்ட் என்ற ஊரில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, மகன் வளர்ந்து ஆளாகும் முன்பே தற்கொலை செய்துகொண்டார். 1940-இல் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு வீடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. 1943 ஜனவரியில், லண்டனின் கிங்ஸ் கிராஸ் அருகே கைவிடப்பட்ட கிடங்கு ஒன்றில் குற்றுயிராகக் கிடந்தார். பாஸ்பரஸ் கலந்த எலிமருந்து உள்ளே போயிருந்தது. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 34.

அவருடைய உடலைத்தான் பிரிட்டிஷ் உளவுத்துறை எடுத்துக்கொண்டது. கடற்படை உளவுப் பிரிவின் யூவன் மான்டகுவும் எம்ஐ5-இல் பணியாற்றிய சார்லஸ் சம்லியும் அதற்கு மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயரிட்டார்கள். ராயல் மரீன்ஸ் அதிகாரியின் சீருடையை மாட்டினார்கள். நேச நாட்டுப் படைகள் கிரேக்கத்திலும் சார்டினியாவிலும் இறங்கப்போவதாகக் காட்டும் கடிதங்களைப் பெட்டியில் வைத்து, பெட்டியை உடலோடு சங்கிலியால் பிணைத்தார்கள். ஏப்ரல் 30 அதிகாலையில் செராஃப் என்ற நீர்மூழ்கிக் கப்பல் அந்த உடலை ஸ்பெயினின் உவெல்வா கடற்கரைக்கு அருகே மிதக்கவிட்டது. கடிதங்களில் இருந்த செய்தி ஜெர்மானியர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஹிட்லர் நம்பினார். பிரான்ஸில் இருந்த டாங்கிப் படைப்பிரிவு ஒன்று கிரேக்கத்துக்குப் போனது. ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கியதோ சிசிலியில்.

இந்தக் கதையில் நான் மயங்கியது மேஜரின் சட்டைப்பைகளைப் பார்த்துத்தான். நிச்சயதார்த்த மோதிரம் வாங்கிய ரசீது, கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துவிட்டீர்கள் என்று எச்சரிக்கும் வங்கிக் கடிதம், நாடகம் பார்த்த டிக்கெட்டின் துண்டு, காதலியின் கடிதங்கள். அந்தக் காதலியின் புகைப்படத்தில் இருந்தவர் எம்ஐ5 அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண். சீருடை புதிதாகத் தெரியக் கூடாது என்று சம்லியே அதை அணிந்து பழக்கினார். இல்லாத ஒருவனுக்குக் கடனையும் காதலையும் கொடுத்து உயிரூட்டிய அந்தக் கைவண்ணத்தை இன்றும் வியக்கிறேன். இந்தப் பொருள்களின் நகல்களை ஒரு பெரிய மேசையில் பரப்பி, மேஜரின் பையில் எவற்றை வைக்கலாம் என்று பார்வையாளர்களையே தேர்ந்தெடுக்க வைத்தேன். கண்காட்சியிலேயே அதிகக் கூட்டம் கூடிய இடம் அதுதான்.

ஆய்வாளர் தம் பலகையை அந்த மேசைக்குப் பக்கத்தில் வைக்கக் கேட்டிருந்தார். பிணவறைக் குளிரில் உறைந்துபோன கால்களில் பூட்ஸ் ஏறவில்லை என்பதும், மின்சாரக் கணப்பால் கணுக்கால்களைச் சூடேற்றித்தான் மாட்டினார்கள் என்பதும் அதில் இருந்தன. அதைப் படித்தவர் எவரும் உடனே திரும்பி, பைக்குள் காதல் கடிதத்தைச் செருகி விளையாட மாட்டார். எனக்கு அந்த விளையாட்டு வேண்டியிருந்தது. ‘ஓர் ஆதரவற்றவரின் உடல்’ என்று விளக்கக் குறிப்பில் எழுதி, பெயரைக்கூடச் சொல்லாமல் கடந்துவிட்டேன்.

1953-இல் மான்டகு இதைப் புத்தகமாக எழுதினார். நிமோனியாவில் இறந்தவரின் உடல் என்றும், உறவினர்கள் சம்மதித்தார்கள் என்றும் அதில் சொன்னார். இரண்டும் உண்மையல்ல. ஆனால் அவருக்கு அரசாங்க ரகசியம் என்ற கட்டு இருந்தது. எனக்கு எந்தக் கட்டும் இல்லை. 1996-இல் ராஜர் மார்கன் என்பவர் ஆவணக் காப்பகத்தில் தேடி, அதுவரை மறைந்திருந்த கிளின்டூர் மைக்கேலின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். 1998-இல் உவெல்வாவிலுள்ள கல்லறைக் கல்லிலும் பெயர் பொறிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஓர் ஏழைக்குத் திரும்பக் கிடைத்த பெயரை நான் மறுபடியும் எடுத்துவிட்டேன்.

அந்த ஒரு பலகையோடு இது நிற்கவில்லை. இல்லாத 27 உளவாளிகளைக் கற்பனையில் படைத்து ஜெர்மானியர்களை நம்பவைத்த ‘கார்போ’ என்ற ரகசியப் பெயர் கொண்ட இரட்டை உளவாளி ஹுவான் புஹோலுக்கு ஒரு முழுச் சுவரையே கொடுத்தேன். 1944-இல் லண்டன் மீது வி-1 பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, அவை விழுந்த இடங்களைப் பற்றி இரட்டை உளவாளிகள் வழியாகத் தவறான தகவல் அனுப்பப்பட்டது. குண்டுகள் நகரின் மையத்தை எட்டாமல் முன்னதாகவே, தென்கிழக்குப் பக்கம் விழ வேண்டும் என்பது திட்டம். அங்கேயும் மக்கள்தான் குடியிருந்தார்கள். யார் வீட்டின் மேல் குண்டு விழுவது என்று தீர்மானிக்க நமக்கு என்ன உரிமை என்று உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் அப்போதே எதிர்த்தார். அந்த விவாதமும் என் சுவரில் இல்லை. சூழ்ச்சி செய்தவர்களின் பக்கமே நின்று, அவர்கள் கண்ணால் மட்டுமே போரைப் பார்த்திருக்கிறேன்.

கண்காட்சியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. இருப்பதே தெரியாத ஒன்றை யாரும் கேட்கப்போவதில்லை. அந்த மௌனத்தை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். ஆய்வாளரும் என் பேச்சை நம்பிப் பலகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வடிவமைப்பாளன் இடமில்லை என்றால் அதற்கு மேல் வாதம் கிடையாது. அந்த அதிகாரத்தைப் பொய்க்குப் பயன்படுத்தினேன்.

சிசிலியில் அந்தச் சூழ்ச்சி பல வீரர்களின் உயிரைக் காத்தது. அதற்காக, யாரையும் கேட்காமல் ஓர் ஏழையின் உடல் எடுத்தாளப்பட்டது. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்கப் பார்வையாளர்களால் முடியும் என்று நான் நம்பவில்லை. அவர்களைக் குறைத்து மதிப்பிட்டதும் என் குற்றமே.

அந்தக் கண்காட்சி கலைக்கப்பட்டுவிட்டது. அதைத் திருத்த இனி வழியில்லை. இந்தக் கதையை இன்னொருவர் காட்சிப்படுத்த வந்தால், அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேஜர் மார்ட்டினின் மோதிர ரசீதுக்கு முன்னால் கிளின்டூர் மைக்கேலை வையுங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார், எப்படி இறந்தார் என்று தெரிந்துகொண்ட பிறகே மக்கள் அந்த மேசைக்கு வரட்டும். அதன் பிறகு விளையாட மனம் வராமல் சிலர் விலகிப் போனால், கண்காட்சி தோற்றுவிட்டது என்று பயப்படாதீர்கள்.